ஒற்றைக் கையுறை

ஔடதத்துக்கு அப்புறம்
ஔ-வில் தொடங்கும் இன்னொன்று கிடைத்தது எங்களுக்கு:
ஔலு. பின்லாந்தில் ஒரு நகரம்.
ஜனவரி, காலை ஏழரை, கும்மிருட்டு, மைனஸ் பதினெட்டு.
நடைக்கூடத் தரையில் மண்டியிட்டு
ஒரு காலை ஒரு குழாய்க்குள் நுழைத்துக்கொண்டிருக்கிறேன்.

கால் மகளுடையது.
குழாய், பனி உடையின் இடது பக்கம்.
காலுக்கு வேறு யோசனைகள் இருக்கின்றன.

காலுறை, அதன்மேல் கம்பளிக் காலுறை,
சட்டைமேல் சட்டை, கழுத்துக்கு ஒரு வளையம்,
காதை மூடி ஒரு தொப்பி.
ஜிப்பை ஏற்றும்போது தாடைச் சதை மாட்டாமலிருக்க
நடுவிரலைக் குறுக்கே வைக்கும் வித்தையை
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
ஒருமுறை மாட்டியது. அந்த அலறல் சொல்லித்தந்தது.

எல்லாம் முடிந்து
இருபத்திரண்டாவது நிமிடத்தில்
செவ்வந்தி சொல்கிறாள்:
"அப்பா, ஒண்ணுக்கு வருது."

தள்ளுவண்டியில் மூட்டையாய்க் கிடக்கும் ஆதன்
இன்றைக்கு முதல்முறையாகச் சிரிக்கிறான்.

அவனுக்கு ஏழு மாதம்.
அரசாங்கம் அவன் பெயருக்கே கடிதம் எழுதுகிறது.
அகராதி வைத்து நான் வாசித்துச் சொல்ல
கவனமாகக் கேட்டுவிட்டு
உறையைத் தின்கிறான்.

உமையாள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில்
யார் யாருடைய ரத்தத்தையோ எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
அவளிடமிருந்து ஒரு வரி வரும்: பால் வாங்கு.
இன்னொரு வரி: இவளுக்கு இருமல் இருக்கா?
மூன்றாவது வரி வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை
சிவப்புக் கையுறையில் இடது கை தொலைந்தது.

இந்த ஊரில் ஒரு வழக்கம்.
கீழே கிடக்கும் கையுறையை எடுப்பவர்
பக்கத்து வேலிக் கட்டையில் மாட்டிவிட்டுப் போவார்.
அன்று பார்த்த வேலியெல்லாம் கை நீட்டிக்கொண்டிருந்தது.
பச்சை, கட்டம் போட்டது, டைனோசர்.
சிவப்பு மட்டும் இல்லை.
மீன் படம் போட்ட நீல இடது கை ஒன்று இருந்தது.
எக்கி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அது நம்மளுது இல்லம்மா."

"கைக்கு அது தெரியாதுப்பா."

மறுநாள் மழலையர் பள்ளி வாசலில்
ஒரு பையன். ஆர்னி என்று பெயர்.
வலது கையில் நீல மீன்.
இடது கையில் எங்கள் சிவப்பு.

அவன் அப்பா யார்க்கோவும் நானும்
நான்கு கைகளையும் பார்த்தோம்.
எனக்கு அவர் மொழியில் நாற்பது வார்த்தை தெரியும்,
பாதி காய்கறிகள்.
அவருக்கு மொத்தமும் தெரியும், ஆனால் செலவழிப்பதில்லை.
ரொம்ப நேரம் யோசித்துவிட்டு
"நோ நீன்" என்றார்.

ஆச்சு, போகலாம், அடடா, விடு,
எல்லாவற்றுக்கும் இங்கே அதுதான்.
நான் "சரி" என்றேன்.
அவருக்குப் புரிந்தமாதிரிதான் இருந்தது.

பிள்ளைகளிடம் மாற்றிக்கொள்ளச் சொன்னோம்.
இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

குளிர்காலம் முழுக்க
ஒரு கை சிவப்பும் ஒரு கை நீலமுமாய்
இரண்டு பேர் அந்தப் பனிமேட்டில் சறுக்கினார்கள்.
தூரத்திலிருந்து பார்த்தால்
எது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று
சட்டென்று சொல்ல முடியாது.
ஒருமுறை ஆர்னியின் மூக்கைத் துடைத்துவிட்டேன்.
அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரலில் பனி, வாங்கியதையெல்லாம் திருப்பித் தரும்.
வாசல் மேடு கரையக் கரைய
ஒரு ஸ்பூன், பனிமனிதனின் மூக்காயிருந்த பாதிக் கேரட்,
அப்புறம்
ஆதனின் சூப்பான்.

இதற்காகத்தான் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு
போன் வெளிச்சத்தில் படிக்கட்டெல்லாம் தேடினோம்,
உமையாள் ஒருபக்கம், நான் ஒருபக்கம்,
மேல்வீடு வரை கேட்ட அழுகை நடுவில்.

கொதிநீரில் போட்டெடுத்து அவனிடம் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
நான்கு பல்லால் ஒருமுறை கடித்தான்.
யாரோ தந்த பொருள்போல
வண்டிக்கு வெளியே போட்டுவிட்டு
கடந்துபோன நாயைப் பார்த்துக் கத்தினான்.

எடுத்துத் துடைத்து
வேலிக் கட்டையில் மாட்டிவிட்டு வந்தேன்.